‘விடு’ என்று கேட்டது

தெருக்குழியின் இரும்பு மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே கை எட்டும் ஆழத்தில் இருந்த வால்வு துருவேறித் தலை தேய்ந்து போயிருந்தது. நீளமான இரும்புச் சாவியை அதன் தலையில் மாட்டித் திருகினேன். திரும்பத்தான் செய்தது. ஆனால் முழுக்க மூடிய பிறகும் தண்ணீர் சீறும் சத்தம் நிற்கவில்லை. சாவியின் இரண்டு கைப்பிடிகளையும் பற்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினேன். நின்றது. பிடியைக் கொஞ்சம் தளர்த்தினேன். மறுபடியும் சீறியது.

“மாப்ள, இது புடிச்சாத்தான் நிக்குது. கைய எடுத்தா ஓடுது.”

“ஒன் தங்கச்சி என்னப் பத்திச் சொல்ற மாதிரியே சொல்றியே மச்சான்,” என்றான் அவன்.

என் தங்கையைக் கட்டியவன். தங்கை முன்னால் அவனை ‘நீங்க’ என்பேன். வேலைக்கு வந்துவிட்டால் ‘நீ’தான். குழாய் வேலைக்காரர்கள் நடுவில் அவன் பெயர் வாய்க்கால். செய்வது தண்ணீர் வேலை, வாயோ ஒரு நிமிடம் சும்மா இருக்காது. எவனோ சேர்த்து வைத்துவிட்டான். குழாய்க்கடியில் மல்லாந்து படுத்து, பல்லில் திருகாணியைக் கடித்துக்கொண்டும் பேசுவான்.

“தண்ணி ஆபீஸ்ல சொல்லி தெருமுனையில அடைக்கச் சொல்லிட்டு நாளன்னைக்கு வருவோமா?” என்று கேட்டேன்.

மாடி ஜன்னலிலிருந்து தையல்காரம்மாவின் தலை எட்டிப் பார்த்தது. அவர் வீடுதான் அது. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. “நாளன்னைக்கு வரைக்கும் வீடு இருக்காதுங்க. நேத்து துணி தொவைக்கிற மெஷினோட டியூபு வெடிச்சு, தைச்சு வெச்ச துணியெல்லாம் நனைஞ்சு போச்சு. ராத்திரி பூரா கொழாய் செவுத்துக்குள்ள இடிக்குது. யாரோ உள்ள இருந்து தட்டுற மாதிரி இருக்கு. நான் தனியா இருக்கிறவ. தூங்கவே பயமா இருக்கு.”

பெரிய தண்ணீர்த் தொட்டி மேட்டு உச்சியில் இருக்கிறது. இந்த வீடு மேட்டின் அடியில். அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கி வருகிற தண்ணீரின் வேகத்தை வீட்டுக்குழாய் தாங்காது. அதற்காகத்தான் வீட்டுக்குள் குழாய் நுழைகிற இடத்தில் பித்தளையில் மணி மாதிரி ஒரு வால்வு வைத்திருப்பார்கள். பிரஷர் வால்வு என்போம். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் தட்டு, அவ்வளவுதான். தெருவிலிருந்து முறைத்துக்கொண்டு வருகிற தண்ணீரை அடக்கிச் சாந்தமாக உள்ளே அனுப்பும். ரப்பர் கிழிந்துவிட்டால் அந்த முறைப்பு அப்படியே வீட்டுக்குள் வந்துவிடும். காலையில் வாய்க்கால் சமையலறைக் குழாயில் பிரஷர் மீட்டரை மாட்டிப் பார்த்தபோது முள் ஒரு துள்ளு துள்ளிச் சிவப்புக்குள் போய் நின்றது. அதைப் பார்த்த தையல்காரம்மா இரண்டு அடி பின்னால் போனார்.

“பழைய வால்வக் கழட்டிப் புதுச மாட்டணும், அவ்வளவுதானே? நீ மேல சாவியப் புடி. நான் கீழ முடிச்சிடறேன்,” என்றான் வாய்க்கால். “நீ கீழ வந்தா மூச்சு வாங்கும். இங்கதான் காத்து வருது, வெயில் வருது, போறவ வர்றவளையும் பாக்கலாம்.”

வால்வு இருந்தது படிக்கட்டுக்கு அடியில், நிலவறையில். குனிந்தபடிதான் நிற்க முடியும். நிலவறைக்கும் தெருவுக்கும் நடுவில் தரையை ஒட்டி ஒரு கம்பி ஜன்னல் உண்டு, பூனை நுழையும் அளவுக்கு. குழிக்கு அருகில் நின்றால் அதன் வழியே அவனைப் பார்க்க முடியாது. ஆனால் அவன் ஒயர் இழுத்து மாட்டிய விளக்கின் வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சத்தில் சுவர்மேல் அவன் நிழல் தெரியும், குரல் கேட்கும்.

எங்களுக்குள் வழக்கமாக இரண்டே சொல். ‘பிடி’ என்றால் தண்ணீரை அடைக்கணும். ‘விடு’ என்றால் திறக்கணும். ‘மச்சான், பிடி.’ ‘மச்சான், விடு, மெதுவா, மெதுவா.’ எத்தனை வருஷமாகவோ இதே பேச்சு.

இரும்புக் குழாயை நடுவில் கழற்றுவதற்கு முன்னால் செய்கிற வேலை ஒன்று உண்டு. கழற்றப் போகிற இடத்துக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஒரு தடித்த ஒயரின் இரண்டு கவ்விகளையும் மாட்டிவிடணும். பழைய வீடுகளில் கரண்டுக்கு எர்த் தண்ணீர்க் குழாயில்தான் கொடுத்திருப்பார்கள். வீட்டில் எங்காவது கரண்டு கசிந்தால் குழாய் வழியாகவே மண்ணுக்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது. குழாயை நடுவில் பிரித்தால் அது போக வழியில்லை. இரண்டு முனையையும் இரண்டு கையால் தொடுகிறவன்தான் வழி.

“ஒயர மாட்டினியா?” என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன்.

கொஞ்ச நேரம் பையைக் குடையும் சத்தம். “மச்சான், காலைல வண்டி கெளம்பலன்னு பேட்டரிக்கு மாட்டினோமே. அங்கயே செவுத்து மேல வெச்சுட்டு வந்துட்டோம் போல.”

“அப்ப மெயின அணைக்கச் சொல்றேன்.”

“அணைச்சா வெளக்கு இருக்காது. இங்க கும்மிருட்டு, எது வால்வு எது என் மூக்குன்னு தெரியாது. பொறங்கையால தொட்டுப் பாத்துட்டேன். ஒண்ணுமில்ல, கொழாய் ஜில்லுன்னு இருக்கு. பத்து நிமிச வேலை. நீ கெட்டியாப் புடி.”

பிடித்தேன். பிரிக்காத குழாயைத் தொட்டுப் பார்த்தால் எதுவும் தெரியாது என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். சாவி என் தோளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தது.

ரெஞ்சு பிடிபடும் சத்தம் கேட்டது. பழைய வால்வு முதலில் முரண்டு பிடித்து, பிறகு ‘கிரீச்’ என்று இளகியது. குழாய்க்குள் மிச்சமிருந்த தண்ணீர் தரையில் கொட்டியது. வாய்க்கால் பேசிக்கொண்டே இருந்தான். யார் இதைக் கடைசியாக மாட்டினான், அவன் கையில் மண் விழ. எவ்வளவு சணல் சுற்றியிருக்கிறான் பார், கயிறு திரிக்கிறவன் போல. பழையதைக் கழற்றித் தரையில் வைத்த சத்தம். அப்புறம் குழாய் முனையின் திருகு மரையைத் துடைக்கிறான் என்று தெரிந்தது. பாட்டு ஒன்றை முணுமுணுத்தான். மாடியில் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

பாட்டு பாதியில் நின்றது.

நான் முதலில் அதைக் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் காதில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. அப்போது கீழேயிருந்து வந்தது:

“விடு.”

வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இவ்வளவு சீக்கிரமா என்றும் தோன்றியது. ஆனால் கை பழக்கப்பட்ட கை. சொல் காதில் விழுந்ததும் சாவியைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டது. தண்ணீர் சீறிக்கொண்டு குழாய்க்குள் போனது.

“மெதுவா” என்று அடுத்து சொல்வான். சொல்லவில்லை.

“விடு… வி…”

அந்தக் குரலில் மச்சான் இல்லை. அவன் வாயில் அந்தச் சொல் ஒருநாளும் ‘மச்சான்’ இல்லாமல் வந்ததில்லை. தொண்டையை யாரோ நெரிக்க, நெரிக்கிறவனிடம் கெஞ்சுகிற குரல் அது. சாவியைத் திரும்ப முறுக்கி என் நெஞ்சை அதன்மேல் போட்டு அழுத்தினேன். சீறல் நின்றது. ஜன்னலைப் பார்த்தேன். சுவரில் அவன் நிழல் இரண்டு கையையும் விரித்தபடி இருந்தது. எங்கும் நகரவில்லை. ஆனால் துடித்துக்கொண்டிருந்தது, காற்றில் மாட்டின தாள் மாதிரி, சின்னச் சின்னதாக.

கரண்டு பிடித்துவிட்டது.

எனக்கு முதலில் ஓடணும் என்றுதான் தோன்றியது. கால் ஒரு எட்டு எடுத்தும் வைத்தது. சாவியில் பிடி தளர்ந்தது, குழிக்குள் தண்ணீர் சீறியது. நான் ஓடினால் வீட்டைச் சுற்றி வாசலுக்குப் போய், கூடத்தைத் தாண்டி, படியிறங்கணும். அதற்குள் தெருத்தண்ணீர் முழுசும் அந்தத் திறந்த குழாய் வழியாக அவன் முகத்தில் அடிக்கும். தரையெல்லாம் தண்ணீர் நிற்கும். கரண்டு உள்ள தண்ணீர். ஓடாமல் இங்கேயே பிடித்துக்கொண்டு நின்றால் அவன் என் கண்முன்னால் துடித்துச் சாவான். திரும்பி வந்து சாவியை அழுத்தினேன். என்னால் செய்ய முடிந்தது கத்துவது ஒன்றுதான்.

“அம்மா! மெயின அணைங்க! மெயின அணைங்க!”

மாடியில் தையல் மெஷின் சட்டென்று நின்றது. ஜன்னலில் தலை தெரிந்தது.

“நிறுத்திட்டேங்க. சத்தம் தொந்தரவா இருக்கா?”

ஒரு கணம் எனக்குப் புரியவேயில்லை. பிறகு புரிந்தது. மெஷினை நிறுத்தியிருக்கிறார்.

“மெஷின் இல்லம்மா! மெயின்! கரண்டு! வீட்டுக் கரண்டு மொத்தமும்! ஆளப் புடிச்சிருச்சும்மா, ஓடுங்க!”

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அடுத்த கணம் தலை மறைந்துவிட்டது. மரப்படியில் தடதடவென்று இறங்கும் சத்தம். அப்புறம் ஏதோ உருளும் சத்தம், நாற்காலியோ ஸ்டூலோ. மின்பலகை உயரத்தில் இருக்கிறதா, கை எட்டவில்லையா, எந்த சுவிட்சு என்று தெரியவில்லையா? நான் ஜன்னலையே பார்த்தேன். நிழல் துடிப்பது குறைந்துவந்தது. குறைந்தது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாமல் என் வாய் என்னவோ உளறிக்கொண்டிருந்தது. ‘பொறு மாப்ள, பொறு, பொறு.’

ஜன்னலில் வெளிச்சம் அணைந்தது.

உள்ளே தொப்பென்று ஏதோ விழுந்தது. அவ்வளவுதான். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. வாய் மூடாதவன் இருக்கிற இடத்தில் சத்தம் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

தையல்காரம்மா வாசல் வழியாக ஓடிவந்தார். செருப்பில்லை. “செத்துட்டாரா?”

“எத அணைச்சீங்க?”

“தெரியல. கைக்கு எட்டுனது எல்லாத்தையும் கீழ தட்டிட்டேன்.”

“பெரிய சுவிட்சா?”

“அதுவும் அதுல இருந்திருக்கும்…”

இருந்திருக்கும். விளக்கு போகிற ஒயரை மட்டும் அணைத்திருந்தாலும் விளக்கு அணையும். திரும்பப் போய்ப் பார்த்து வரச் சொல்ல நேரமில்லை. அவர் கையைப் பிடித்துச் சாவியின்மேல் வைத்தேன். “இப்டி அழுத்திப் புடிங்க. சத்தம் வந்தா இன்னும் அழுத்துங்க. உயிரே போனாலும் இத மட்டும் விட்டுடாதீங்கம்மா.” அந்த மெலிந்த உடம்பு சாவியின்மேல் அப்படியே சாய்ந்து தொங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

நிலவறைப் படியில் இறங்கினேன். கடைசிப் படிக்குக் கீழே தண்ணீர் மினுங்கியது. நான் திறந்துவிட்ட தண்ணீர். அதில் கால் வைக்கணும். வைத்தேன் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் நான் அந்தப் படியில் நின்று என் பிள்ளைகளை நினைத்தேன், என் தங்கை பிள்ளைகளை நினைத்தேன், யார் முகம் முதலில் வந்தது என்பதைச் சொல்ல மாட்டேன். அப்புறம் வைத்தேன். ஜில்லென்று மட்டும் இருந்தது.

கம்பி ஜன்னல் வெளிச்சத்தில் அவன் சுவரோரம் ஒருக்களித்துக் கிடந்தான். மூலையில் ஒரு விளக்குமாறு இருந்தது. அதன் கட்டைப் பக்கத்தால் அவன் தோளைத் தொட்டேன். கூடப் பிறந்தவளின் புருஷனை, பாம்பைத் தொடுகிற மாதிரி, கட்டையால். அசையவில்லை. கட்டையைப் போட்டுவிட்டுக் கையால் பிடித்தேன். சூடாக இருந்தான். மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். மூச்சு வருகிறதா என்று தெரியவில்லை. காதை நெஞ்சில் வைத்தேன். உள்ளே இடித்துக்கொண்டிருந்தது, தாறுமாறாக, நின்று நின்று.

“மாப்ள. டேய் மாப்ள.”

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தான். உள்ளங்கை இரண்டும் வெந்து வெளுத்திருந்தன.

“கத்தினேனே,” என்றான். நாக்கு தடித்துப்போன மாதிரி இருந்தது. “கேக்கலியா?”

“கேட்டுச்சு.”

“கேட்டுட்டு ஏன்டா தண்ணிய விட்ட?”

அவன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டேன்.

“என்னைய விடச் சொன்னேன்,” என்றான். “அதுகிட்ட.” கண்ணை மறுபடி மூடிக்கொண்டான்.

அக்குளில் கை கொடுத்து இழுத்து, படிப்படியாக ஏற்றிக் கூடத்தில் கிடத்தினேன். ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினேன். வண்டி வருகிறது என்றார்கள். மின்பலகையைப் பார்த்தேன். பெரிய சுவிட்சும் கீழேதான் இருந்தது. அப்போதுதான் தெருவிலிருந்து தையல்காரம்மாவின் குரல் கேட்டது.

“அண்ணே! என்னால முடியல! கை மரத்துப் போச்சு, தண்ணி சத்தம் கேக்குது!”

குழாய் இன்னும் கீழே வாயைத் திறந்தபடி இருந்தது. அடைக்க மூடி எதுவும் கையிலில்லை. புது வால்வு மட்டும்தான் இருந்தது. அவனைக் கூடத்தில் தனியாக விட்டுவிட்டு மறுபடி கீழே இறங்கினேன். போனின் விளக்கைப் போட்டு அங்கிருந்த ஓர் அலமாரித் தட்டில் சாய்த்து வைத்தேன். அவன் துடைத்து வைத்த மரை பளிச்சென்று இருந்தது. வலது கையில் வால்வு, இடது கை குழாயில். இரண்டையும் சேர்க்கணும் என்றால் இரண்டு முனையையும் பிடித்தே தீரணும். கரண்டு இல்லை, என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் விரல் மூடவில்லை. மூடு மூடு என்றால் மூடவில்லை. மேலே யாராவது சுவிட்சைத் தட்டினால்? யாருமில்லை, அந்தம்மா தெருவில் இருக்கிறார். அவன் எழுந்து தட்டினால்? அவனால் எழுந்திருக்க முடியாது. இப்படி ஒவ்வொன்றாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பல்லைக் கடித்துப் பிடித்தேன். பிடித்த பிறகு மூச்சே விடவில்லை. வால்வில் அம்புக்குறி வீட்டைப் பார்த்து இருக்கிறதா என்று பார்த்தேன், சணல் சுற்றினேன், முறுக்கினேன். ஒரு தடவை ரெஞ்சு நழுவிக் குழாயில் ‘டங்’ என்று அடித்தபோது வாய்விட்டு அலறிவிட்டேன்.

“அண்ணே! என்னாச்சு?”

“ஒண்ணுமில்லம்மா. கைய எடுக்கலாம். மெதுவா.”

சாவியைத் தளர்த்துகிற சத்தம். தண்ணீர் வந்தது, புது வால்வில் முட்டியது, உறுமியது, அடங்கியது. கசிவு இல்லை. மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். சமையலறையில் மாட்டியிருந்த மீட்டரில் முள் பச்சையில் போய் ஆடாமல் நின்றது. ராத்திரி இனி சுவருக்குள் இடிக்காது. தையல்காரம்மா அதைப் பார்க்கவில்லை. கூடத்தில் வாய்க்காலின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “வெந்நீர் கொழாயத் தொட்டா ஒருமாதிரி சுருக்குனு இருக்கும்,” என்று அழுதபடி சொன்னார். “ஈரக் கைதானேன்னு இருந்துட்டேன். உங்ககிட்ட சொல்லியிருக்கணுமா?”

“கரண்டு அதுலதான் கசிஞ்சிருக்கு. அந்த வெந்நீர் போடுற மெஷினு சுவிட்ச மட்டும் இனி போடாதீங்க. ஆளக் கூப்பிட்டுப் பாக்காம போடவே போடாதீங்க,” என்றேன். எந்த மெஷின் என்று கையைக் காட்டி ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசு. கரண்டு ஒரு கை வழியாகப் போய் மறு கை வழியாக வந்திருக்கிறது, நடுவில் இதயம் இருக்கிறது, துடிப்பு இன்னும் சரியாக இல்லை, நாளைக்குக் காலை வரை பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். ‘எதுவும்’ என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

தங்கை வந்தாள். வந்தவள் அழவில்லை. கட்டிலருகே நின்று அவன் முகத்தையே பார்த்தாள். “என்னங்க, இவ்வளவு நேரம் பேசாம இருக்கீங்க? வாய்க்கால் வத்திப் போச்சா?” அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது. பேச்சு வரவில்லை. பேசக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள்.

“மாப்ள, எப்டி இருக்கீங்க?” என்றேன். அவள் முன்னால் மரியாதை தானாக வந்துவிட்டது. அவன் என்னைப் பார்த்தான். கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தங்கை என்னை வராந்தாவுக்கு இழுத்து வந்தாள். “அண்ணே, உண்மையச் சொல்லு. பொழச்சுக்குவாரா?”

“பொழச்சுக்குவான்.”

“யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. அவள் என் கையைப் பார்த்தாள். “மொதல்ல கையக் கழுவிட்டு வா. ரத்தம் மாதிரி இருக்கு.” ரத்தமில்லை, துருவும் சணல் பசையும்.

வராந்தாக் கோடியில் கை கழுவும் தொட்டி. மேலே வெள்ளைக் குழாய், பளபளவென்று. முன்னால் போய் நின்றேன். வாழ்நாள் முழுக்க நான் திறந்து மூடின பொருள்தான். கை மேலே போகவில்லை. தொட்டிக்கு மேல் எங்கோ சுவருக்குள் ஒயர் போகும், பக்கத்து அறையில் என்னென்ன மெஷின்களோ ஓடும், எல்லாம் எங்கே போய் மண்ணைத் தொடுகிறதோ. இதையெல்லாம் இவ்வளவு நாள் நினைக்காமல் எப்படிக் குடித்தேன், குளித்தேன்?

எனக்குப் பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் பால் புட்டி. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

“தண்ணி வரலியாங்கண்ணா?”

“வரும்.”

“அப்ப கொஞ்சம் நகந்துக்கறீங்களா? கொழந்த அழுவுது.”

நகர்ந்தேன். அவள் ஒரு கையால் தொட்டி விளிம்பைப் பிடித்தபடி மறு கையைக் குழாய்க்கு நீட்டினாள்.

“தொடாதீங்க!”

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் புட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைவிட்டு விலகி நின்றாள். தூரத்தில் கதவருகே தங்கை நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அவள் கேட்டதற்கு நான் சொல்லாமல் வைத்திருந்த பதில் அதில் இருந்திருக்க வேண்டும். அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.